வலது முட்டியில் மட்டும் சேறு

புலவருக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது: ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும். சிரிக்காதீர்கள். அவர் தொழில்முறைக் கால்பந்து வீரர்தான். இருபத்திரண்டாம் நம்பர் சட்டை, இரண்டு ஜோடி பூட்ஸ், தடுப்பாட்டக்காரர் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், எல்லாம் முறைப்படி இருந்தன. மூன்று வருஷமாக மைதானத்துக்குள் கால் வைக்காதது ஒன்றுதான் குறை. அந்த ஒப்பந்தமும் இந்தப் பருவத்தோடு முடிகிறது. வயதோ முப்பத்திரண்டு. இப்போது விட்டால் அப்புறம் எப்போது?

ஆனால் டிவி பார்க்கிறவர்களைக் கேட்டால் அந்த அணியில் அவர்களுக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

அணியின் சட்டையில் விளம்பரம் போட்டிருந்தது பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் கம்பெனி. ஒரு நாள் ஜெயித்த கையோடு கேப்டன் மைக்கைப் பிடித்தார். எதிரில் யார் நின்றாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு போவதால் அவருக்கு லாரி என்று பெயர். "பந்து வந்துச்சு, ஒதைச்சேன், போயிடுச்சு. வேற என்ன சொல்லணும்? அவனுங்கள ஓட விட்டு வெச்சு செஞ்சோம்ல!" என்றார். அவ்வளவுதான், பெற்றோர்கள் கடிதம் எழுதித் தள்ளிவிட்டார்கள். நோட்டுக் கம்பெனிக்காரர் நேரில் வந்து உட்கார்ந்துகொண்டார். "பிள்ளைங்க பாக்குறாங்க சார். எழுவாய் இல்ல, பயனிலை இல்ல, மரியாதை சுத்தமா இல்ல" என்று கண் கலங்காத குறை.

உடனே கிளப்பில் சட்டம் வந்தது. இலக்கண சுத்தமாகப் பேசத் தெரிந்தவர்தான் இனிமேல் மைக் முன்னால் போகலாம். பத்திரிகைத் தொடர்பு பார்க்கும் மேடம் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, 'நான் ஆடிய ஆட்டம்' என்று பத்து வரி எழுதச் சொன்னார். எதிரணியைக் கதறவிடுகிற ஆட்களெல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஒரு பந்து படம் வரைந்து கொடுத்துவிட்டு எழுந்து போனார். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து நூலகத்தில் பாதியைப் படித்து முடித்திருந்த ஒருவர் மட்டும் பிழையில்லாமல் எழுதினார். அன்றைக்கு வைத்த பெயர்தான் புலவர்.

அதிலிருந்து ஆடுவது அவர்கள், பேசுவது இவர். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மேடம் வந்துவிடுவார். கையில் அலுவலக ஜன்னல் செடிக்குத் தெளிக்கும் தண்ணீர் பாட்டில். "கண்ண மூடிக்குங்க சார்" என்று நெற்றியில் இரண்டு தெளிப்பு, நெஞ்சில் மூன்று. குனிந்து கோட்டோரம் ஒரு பிடி சேறு எடுத்து முட்டியில் ஒரு தேய்ப்பு. "ஆடாத ஆள் மாதிரி நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார்.

அப்புறம் புலவர் திருவாய் மலர்வார். "இன்றைய வெற்றி ஒரு தனி மனிதருடைய வெற்றி அன்று. பதினொரு பேருடைய வியர்வையின் பயன்." அந்தப் பதினொரு பேரில் தான் இல்லை என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கும். ஆனால் வாக்கியம் என்னவோ வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆசிரியர்கள் வகுப்பில் அவரை உதாரணம் காட்டினார்கள். பின்னால் வேர்த்து விறுவிறுத்து நடந்து போகும் லாரியை அவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். 'நாலு வார்த்தை கோவையாகப் பேச வராத ஜென்மங்கள்' என்று மனசுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. இல்லாமலா போகும்?

ஊரை ஏமாற்றலாம், அக்காவை ஏமாற்ற முடியுமா? அம்மா போனபின் அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா, மைதானத்தின் கேலரிக்குக் கீழே கிளப்பின் சலவை அறையில் வேலை பார்த்தாள். இரண்டு பெரிய மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, எந்நேரமும் ஆவி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னால் இருபத்திரண்டாம் நம்பர் உருப்படிகளை எடுத்து விரித்துப் பார்ப்பாள்.

"ஏன்டா, உனக்கு வலது முட்டி மட்டும்தான் தரையில படுமா?"

"மேடத்துக்கு வலது கைப் பழக்கம்க்கா."

"பொய்ச் சேறு. மேலாப்புல ஒட்டியிருக்கு, தட்டினா உதிருது" என்று தட்டிவிட்டு மிஷினில் போடுவாள். அதுதான் புலவருக்குத் தாங்காது.

கோச்சிடம் போய் நின்றார். "ஒரே ஒரு ஆட்டம் சார். கடைசி அஞ்சு நிமிஷம் போதும்."

"உனக்கென்ன பைத்தியமாய்யா?" என்றார் கோச். "எவனாவது முழங்கையால உன் தாடையப் பேத்துட்டா அப்புறம் யாரு பேசுவா? லாரியா?"

சரி, பேச்சைக் கெடுத்துக்கொண்டால்தானே விடுவார்கள் என்று ஒரு வாரம் வேண்டுமென்றே தாறுமாறாகப் பேசிப் பார்த்தார். பன்மையை ஒருமையாக்கினார், வாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்தினார். மறுநாள் ஒரு பேராசிரியர், 'வழக்கொழிந்த அரிய நடையை ஒரு விளையாட்டு வீரர் மீட்டெடுக்கிறார்' என்று பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதிவிட்டார். நோட்டுக் கம்பெனிக்காரர் பூங்கொத்து அனுப்பினார். விதி என்று ஒன்று இருக்கிறதே!

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ஒரு கோல் முன்னிலை, இருபது நிமிஷம் பாக்கி. தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் காலையிலிருந்து வாந்தி என்று வரவே இல்லை. இன்னொருவர் பாதியில் கணுக்கால் பிசகி வெளியேறினார். மாற்றாக இறங்கியவர் தொடை பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கோச் திரும்பி பெஞ்சைப் பார்த்தார். அங்கே இருந்தது புலவரும் ஒரு தண்ணீர் கேனும்.

"போய்த் தொலை. வாயை மட்டும் காப்பாத்திக்கோ" என்றார் கோச்.

புலவர் இறங்கினார். முதல் ஓட்டத்திலேயே நெஞ்சு எரிந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது மைதானம் இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லையே! இடதுபக்கம் விழுந்தார், வலதுபக்கம் விழுந்தார், லாரி காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பந்து கோலைப் பார்த்து வந்தது. கோல்கீப்பர் வேறு பக்கம் கிடந்தார். புலவர் குறுக்கே பாய்ந்தார். பந்து மூஞ்சியில் இடித்துத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள்.

மைக் வந்தது. இந்த நாளுக்காக மூன்று வருஷமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது. 'இக்களத்தில் இன்று நானும் ஒருவனாக நின்றேன் என்பதே என் பேறு.' வாயைத் திறந்தார்.

"நான்... பந்து... வந்துச்சு. மூஞ்சில... டமால்னு... அய்யோ... இருங்க..." செய்தியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. "செம... செம ஆட்டம்... அக்கா!" என்று ஒரு கத்து. அதோடு சரி. எழுவாயும் வரவில்லை, பயனிலையும் வரவில்லை. மூச்சு இருந்தால் அல்லவா வாக்கியம் வரும்?

பின்னால் நின்ற லாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பத் தெரியுதா புலவரே?"

தெரிந்தது. மூன்று வருஷம் இவர்களைத் தற்குறிகள் என்று நினைத்ததற்கு அவருக்கு அந்த இடத்திலேயே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பு சிரிப்பாகத்தான் வந்தது. மேடம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, தெளிக்க ஒரு இடமும் மிச்சமில்லாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் கடிதக் குவியல். 'குடித்துவிட்டா பேசினார்?' என்று ஒரு தலைமையாசிரியை. 'மொழியின் வீழ்ச்சி' என்று அதே பேராசிரியர், இந்தத் தடவை முழுப்பக்கம்.

"ரொம்ப நல்லா ஆடினீங்க. கோச்சே அசந்துட்டார்" என்றார் மேனேஜர். "ஆனா ஆடறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு பாருங்க. உங்கள வெச்சிருந்ததே பேசறதுக்குத்தான். ஒப்பந்தம் புதுப்பிக்க முடியாது, மன்னிச்சுக்குங்க. இருபத்திரண்டாம் நம்பருக்கு ரேடியோவுல செய்தி வாசிக்கிற ஒருத்தரைப் பேசி முடிச்சிட்டோம்."

"அவருக்குப் பந்து ஆடத் தெரியுமா?"

"அது எதுக்கு?" என்றார் மேனேஜர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

புலவர் படியிறங்கிச் சலவை அறைக்குப் போனார். மனசு கனக்கத்தான் செய்தது. சோறு போட்ட வேலை போனால் யாருக்குத்தான் வலிக்காது? மிஷின் ஓடவில்லை. இஸ்திரி மேஜையின் மேல் அவருடைய சட்டையும் கால்சட்டையும் விரித்துக் கிடந்தன. இரண்டு முட்டியிலும் சேறு, முழங்கையில் புல் கறை, நெஞ்சில் காய்ந்த ரத்தம், நோட்டுக் கம்பெனியின் பெயரே தெரியவில்லை. அக்கா நகத்தால் சேற்றைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உதிரவில்லை.

"வேலை போயிடுச்சுக்கா" என்றார்.

அக்கா சட்டையைத் தூக்கி அக்குள் பக்கம் மூக்கை வைத்து ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சீ, நாறுதுடா!" என்றாள் சந்தோஷமாக.