கிருபாகரனுக்கு விழுந்த கைதட்டல்

விளாங்குடி சர்ச் திருவிழாவில் பட்டிமன்றம். நாட்டை வல்லரசாக்குவது தொழில் வளமா, தொழிலாளர் சங்கமா என்று தலைப்பு. ஆசிரியர் சங்கச் செயலாளர் கிருபாகரனுக்கு வாய்த்ததோ தொழில் வள அணி. சங்க அணியில் அவர் பள்ளிக்கூடத்து ஜோசபின் டீச்சர், முதல்முறை மேடையேறியவள், பேசப் பேசக் கூட்டம் விடாமல் கைதட்டியது. இத்தனை வருஷம் வாயிற்கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியும் தனக்கு ஒருநாளும் விழாத கைதட்டல். கிருபாகரனுக்கு வயிறு எரிந்தது.

தன் முறை வந்ததும் ஏற்றுமதி, உலகச் சந்தை என்று தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவர் அவர்களே, சங்கத்த இம்புட்டுப் புகழுறாகளே, இந்த டீச்சர் இன்னும் எங்க சங்கத்துல சேரவே இல்ல. நின்னுபோன இன்கிரிமெண்ட்ட இவுகளுக்குப் போராடி வாங்கிக் குடுத்ததே நாங்கதான்."

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். கிருபாகரன் பூரித்துப்போய் உட்கார்ந்தார்.

நடுவர் மைக்கை இழுத்தார். "தொழில் வளம்னு பேச வந்த அண்ணனே, சங்கம்தான் வாங்கிக் குடுத்துச்சுன்னுட்டாரு. இனி நான் என்ன தீர்ப்பு சொல்ல? சங்கம்தான்."

ஜோசபின் எழுந்து கிருபாகரனைப் பார்த்துக் கும்பிட்டாள். கூட்டம் மறுபடி அவளுக்குக் கைதட்டியது. மேடையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்ததால், கிருபாகரனும் தட்ட வேண்டியதாயிற்று.