பச்சைக்கு அடியில்

"பச்சைக்கு அடியில எதுக்கு ஆரஞ்சு, ரூடி?"

"அடியில சூடான நிறம் இருந்தாத்தான் மேல பச்சைக்கு உசுரு வரும். முதல்ல படம் முழுக்க அதைத்தான் பூசுவேன். முப்பது வருஷமா பக்கத்து வீட்டுல இருந்து என்னத்தப் பாத்த நீ, லெம்பி?"

"உன் மூஞ்சியத்தான்."

ரூடி சிரித்தான். கார் கொட்டகையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லெம்பி கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியை அவன் இன்னும் தொடவில்லை. வழக்கமாகத் தட்டு வைப்பதற்குள் பாதி காலியாகிவிடும்.

படத்தில் இருந்தது இரண்டு வீடுகளுக்கும் பின்னால் இருக்கும் அதே காடு. பூர்ச்ச மரங்களின் வெள்ளைப் பட்டையைச் சாயக் கத்தியால் தடிமனாக வாரி இழுத்திருந்தான். விரல் வைத்தால் உரியும் போலிருந்தது. ஊசியிலை மரங்கள் நீலத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் கறுப்பு என்று அடுக்கடுக்காக நின்றன. ஒரு மரத்தடியில் மட்டும் பச்சை குவிந்து கிடந்தது, எதையோ போர்த்தியதைப் போல. அதன் ஓரத்தில் நகக்கீறல் அளவு ஆரஞ்சு.

லெம்பியின் நாய் முஸ்தி காணாமல் போய் மூன்று வாரம். மான் வேட்டை தொடங்கிய முதல் நாள் காலை, யாரும் மானென்று சுட்டுவிடக் கூடாதே என்று அவள்தான் அதற்கு ஆரஞ்சு அங்கியை மாட்டி வெளியே விட்டாள். அது திரும்பவில்லை. மறுநாள் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது. இன்றும் பின்வாசலில் அதற்காக அவள் வைக்கும் சாப்பாடு கிண்ணத்தோடு உறைந்து கல்லாகிறது. வைப்பதை நிறுத்த அவளுக்குத் தைரியம் இல்லை.

"வேட்டை முதல் நாள் நீ காட்டுக்குப் போகலன்னு சொன்னேல்ல?"

"முட்டி வலின்னு அப்பவே சொன்னேனே. துப்பாக்கியை உறையில இருந்தே எடுக்கல." அவன் தூரிகையைத் துணியில் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

லெம்பி எழுந்து படத்தின் பக்கவாட்டுக்குப் போனாள். துணியைச் சட்டத்தில் மடித்து ஆணியடித்த விளிம்பில், முதலில் பூசிய நிறம் எப்போதும் வழிந்து நிற்கும். நான்கு பக்கமும் பார்த்தாள். சாம்பல் நீலம். ஓரிடத்திலும் ஆரஞ்சு இல்லை.

தடித்த எண்ணெய்ச் சாயம் மேலே தோல் கட்டினாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும் என்று அவளுக்குச் சொன்னவனே அவன்தான். மேசையிலிருந்த கத்தியை எடுத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"அந்த மரத்தடிப் பச்சையை மட்டும் கொஞ்சம் சுரண்டிக் காட்டு, ரூடி."