மேஜை மேல் கைப்பை

பனியன் கம்பெனி முதலாளி சாரதாமணியம்மாவுக்குத் தன் மனசின் மீது அபார மரியாதை. செக்கிங் பெண் தஹ்சீன் கொண்டுவரும் நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "நமக்கெல்லாம் பேதமே கெடையாதுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவர்.

அன்று செல்போனைக் காணோமென்று ஆபீஸ் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார். போன் சாம்பிள் துணிக்கு அடியில்தான் கிடந்தது; வைத்ததும் சாட்சாத் அவரேதான். ஆனால் பதிவில் வேறொன்றும் தெரிந்தது. யார் யாரோ வந்து போகிறார்கள், அவர் கைப்பை மேஜை மேலேயே இருக்கிறது. தஹ்சீன் வந்தால் மட்டும், சிரித்துப் பேசிக்கொண்டே அதை இழுத்து டிராயருக்குள் போடுகிறார். ஒவ்வொரு முறையும்! அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் வாசலுக்குப் பின்வாங்குகிறாள். அதற்கு இவர் வைத்திருந்த பெயர், கூச்ச சுபாவம்.

மறுநாள் பையை மேஜையில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"உள்ள வந்து உக்காரு கண்ணு. கேமராவுல பாத்தேன். எனக்கே தெரியாம உன்னைய இத்தன நாளா..."

"இருக்கட்டுங்க மேடம். எனக்கு இங்கயே பழகிடுச்சுங்க."

தஹ்சீன் வாசலிலிருந்தே சாம்பிளை நீட்டினாள். சாரதாமணியம்மாதான் எழுந்து போய் வாங்கிக்கொண்டார்.