நாய்கள் பார்க்கும் பக்கம்

ரொட்டிக் கடை வாசலில் என்னைப் பார்த்ததும் வெர்னர் சிரித்தான். "இந்தத் தூறல்ல எங்கடா கெளம்பிட்டே ஐனார்? வீட்ல ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா உனக்கு?"

"எந்த வீட்ல? இப்பத்தான் ரயிலை விட்டு இறங்குறேன்" என்றேன். தோளில் கப்பல் பை தொங்கியது. கடல் கொந்தளித்ததால் எங்களைப் பாதியிலேயே துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் கப்பலில் அது சகஜம். மனைவி மாரெனிடம் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று, அவளுக்குப் பிடித்த கசகசா ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெர்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. "விளையாடாதே. உங்க வீட்டு நாய் ரெண்டும் ஒரு வாரமா உள்ள பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருக்கு? நீ வந்துட்டேன்னு நெனச்சேன்." பிறகு, "திருப்பி வைக்க மறந்திருப்பா, விடு" என்றான். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ரீபே ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டு ஜன்னலில் ஒரு ஜோடி பீங்கான் நாய் இருக்கும். ஆள் கடலில் இருந்தால் நாய்கள் தெருவைப் பார்க்கும். திரும்பி வந்துவிட்டால் வீட்டுக்குள் பார்க்கும். இந்தக் காலத்தில் வெர்னர் மாதிரி வேலையற்றவர்களைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் மாரென் கவனிப்பாள். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த நாய்கள். தூசி தட்டும்போதுகூட வேறு யாரையும் தொடவிடமாட்டாள். அவளாவது, மறப்பதாவது!

நேற்றுச் சாயங்காலம் கப்பலிலிருந்து பேசியபோது நிறையச் சிரித்தாள். என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறாள் என்று நானும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனேன். இப்போது அந்தச் சிரிப்பைத் திரும்ப நினைத்துப் பார்த்தால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. சமையலறையில் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டதே, அது யார்? பேசும்போது அவள் சமைத்துக்கொண்டிருப்பது வழக்கம்தான். ஆனாலும் அது யார்? ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று வெட்கமாக இருந்தது.

எப்போதும் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் போவேன். சைக்கிளை நிறுத்த அதுதான் வசதி. அன்று முன்தெருவுக்குப் போய், எதிர்வீட்டு ரோஜாக் கொடிக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்றேன். வெர்னர் பொய் சொல்லவில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் இரண்டு பீங்கான் வால்கள் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒருவன் நின்றான். உயரமான ஆள், பச்சை மழைக்கோட்டு, காதில் செருகிய இயர்போன் பொத்தான்கள். வெயிற்காலம் வந்தால் சுற்றுலாக்காரர்கள் தெருவில் இப்படித்தான் திரிவார்கள். வழிகாட்டி ஆள் கிடையாது. போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, காதுக்குள் யாரோ கதை சொல்ல, வீடு வீடாக நின்று நகர்வார்கள். இவன் நகரவில்லை. நாய்களைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தனக்குள் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கால்கள் தாமாகவே தெருவைக் கடந்துவிட்டன.

"யாரைப் பாக்குறீங்க?"

அவன் ஒரு பக்கப் பொத்தானைக் கழற்றினான். "யாரையும் இல்லீங்க. ஊரைச் சுத்திப் பாக்குற நடைல ஏழாவது இடம் இது. நேத்தும் வந்து கேட்டேன். இந்த வீட்டம்மா என்னமா பேசுறாங்க தெரியுமா!"

"உங்ககிட்டயா பேசுனாங்க?"

"ஐயோ, போன்லதான். ஊர்க்காரங்களே அவங்கவங்க வீட்டைப் பத்திப் பேசிக் குடுத்திருக்காங்க. இந்தாங்க, நீங்களே கேளுங்க." பொத்தானைத் துடைத்து நீட்டினான்.

காதில் வைத்தேன். மாரென்.

"இதுதான் எங்க வீடு. நாய்ங்க எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தீங்களா? வீட்டுக்காரர் கடல்ல இருந்தா வெளிய பாக்கணும், அதான் வழக்கம். நான் மாத்திப் போட்டுட்டேன்." சிரித்தாள். "அவரு கடலுக்குப் போனா தெனமும் சாயங்காலம் கூப்புடுவாரு. அலை எப்படி அடிக்குது, என்ன சாப்பாடு, கூட இருக்கறவன் எப்படிக் கொறட்டை விடுறான், அத்தனையும் சொல்லுவாரு. நீ இன்னிக்கு என்ன பண்ணினேன்னு என்னையும் கேப்பாரு. வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கும். நாயை உள்பக்கம் திருப்பிடுவேன். அவரு வீட்டுக்கு வந்துட்டா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு வார்த்தை வராது. அப்ப வெளிய திருப்பி வெச்சிடுவேன். இன்னும் வரலையே மனுஷன். சரி, ஆத்துப் பக்கமா நடங்க. மழைன்னா கல்லு வழுக்கும், பாத்து."

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த ஜன்னலை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். உள்ளேயிருந்து நான் பார்த்ததும் வால்களைத்தான். முகங்களைப் பார்த்த ஞாபகமே இல்லை. அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் இல்லை, அவளோடு வேறு யாருமே இல்லை என்று நிம்மதி வரவேண்டும். வரவில்லை. யாராவது இருந்திருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜன்னல் சட்டத்துக்கு வெளியே, தெருவை வேவு பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று கம்பியில் நிற்கும். அதில் என் முகமும் ஈரமான ரொட்டிப் பையும் தெரிந்தன. அப்படியென்றால் உள்ளே இருப்பவளுக்கும் நான் தெரிவேன்.

திரை ஓரமாக விலகியது. மாரெனின் கை வந்தது. ஒரு நாயைத் தூக்கி மெதுவாகத் திருப்பி வைத்தது. பிறகு மற்றதை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று பச்சைக்கோட்டுக்காரன் என் தோளைத் தட்டினான். "வீட்டுக்காரரு வந்துட்டாரு!"

இடது நாய்க்கு மூக்கு உடைந்து, பசை வைத்து ஒட்டியிருந்தது. இரண்டும் என்னையே பார்த்தன.