நோயாளி ஒருவருக்கு ஒரு கார்டு

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இப்றாஹிம் பொரளையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஐந்து நிமிட நடை. மகள் அம்னா பன்னிரண்டுக்கே, நோயாளியைப் பார்க்க விடும் கார்டோடு உள்ளே போயிருந்தாள். பன்னிரண்டரைக்கு அவள் இறங்கி வந்து கார்டைக் கொடுப்பாள், பிறகு அவர் மேலே போவார். அப்படித்தான் பேச்சு. நோயாளி ஒருவருக்கு ஒரு கார்டு. ஒரு மணிக்கு மனைவி லுத்பியாவுக்கு ஒப்பரேஷன். நெஞ்சைத் திறக்கிறார்கள். டொக்டர் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை.

அதற்குள் அவளிடம் மாப்புக் கேட்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். போகிறவர்தான் கேட்பது. இவர்கள் விஷயத்தில் கேட்க வேண்டியவர் இப்றாஹிம். லுத்பியாவின் உம்மா மௌத்தான அன்று, லீவுப் போமில் பெரிய கிளாக்கரின் கையெழுத்து விழவில்லை என்று நாலேகால் வரை கந்தோரில் நின்றுவிட்டார். ஜனாஸா லுஹர் தொழுகையோடு போய்விட்டது. சந்தூக்குக்குத் தோள் கொடுக்க மருமகன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எப்போதோ கேட்டிருப்பார்.

கம்பிக் கதவு அரைவாசி திறந்திருந்தது. ஸ்டூலில் செக்குரிட்டி. நாற்பது வயதிருக்கும். சட்டையில் லோகேஸ்வரன் என்று பெயர்.

“கார்டு, நாநா?”

“மகள் கொண்டு வாறா.”

“அப்ப கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

நின்றார். பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது.

“வாப்பா, எங்க ஈக்கிறீங்க?”

“கேட்டடியில. கார்ட கொண்டா.”

“எனக்கு எறங்க ஏலா. டொக்டர் வாறாராம், சைன் வெக்க ஆள் வேணுமாம். நேர்ஸ் அசைய வாணாம் எண்டு செல்றா. நீங்க வாங்க. இங்க ஒரு கட்டிலுக்கு நாலு பேர் நிக்கிறாங்க.”

“கார்டு இல்லாம எப்பிடி வாற?”

“நடந்து வாங்க, வாப்பா.”

லோகேஸ்வரனுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

“யாருக்கு சுகமில்ல?”

“பொஞ்சாதிக்கு. ஒரு மணிக்கு ஒப்பரேஷன்.”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தான்.

“நான் தண்ணி குடிக்கப் போறேன், நாநா. வர கொஞ்சம் சுணங்கும். எனக்கு முதுகுல கண் இல்ல.”

விளங்கியது. முப்பத்தொரு வருடம் டிரெக்டரின் அறைக் கதவில் பியோனாக நின்றவருக்கு இதுகூட விளங்காதா? ஆனால் அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு தரமும் தண்ணீர் குடிக்கப் போனதில்லை.

ஓர் அடி எடுத்து வைத்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. திரும்பிப் பார்த்தார். வாசலில் ஆளில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சூப் போத்தலோடு அவசரமாக வந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு நுழையப் பார்த்தாள். அவருடைய கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது.

“கார்டு ஈக்கா?”

“தம்பிகிட்ட இருக்கு. அவன் உள்ளுக்கு.”

“அப்ப ஓரமா நில்லுங்க, மகள்.”

அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை, கலையாத இஸ்திரி மடிப்பைப் பார்த்தாள். நீங்கள் யார் என்று கேட்கவில்லை. நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவரும் நின்றார். பிறகு மூன்று பேர், பிறகு இன்னும் மூன்று பேர்.

“புறக்கோட்டையிலருந்து ஓடி வாறன். இங்கயும் கியூவா?” என்றார் ஒருவர்.

“இண்டைக்கு சிவில் உடுப்புல ஆள் போட்டிருக்காங்க போல. வாய மூடிட்டு நில்லுங்க,” என்றார் முன்னால் நின்றவர்.

கதவு அரைவாசி திறந்தே கிடந்தது. ஒருவரும் அதைத் தாண்டவில்லை. வரிசை பாதைப் பக்கம் வளைந்தபோது இப்றாஹிம் கையைக் காட்டி நேராக்கினார். சட்டைப் பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. வாசலில் நிற்கும்போது அவர் போன் எடுப்பதில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு லோகேஸ்வரன் வந்தான். வரிசையைப் பார்த்தான். பிறகு அவரை.

“என்ன நாநா இது?” குரலைத் தாழ்த்தினான். “போங்க. சுருக்கா போங்க.”

“கார்டு இன்னும்...”

“நான் சொல்றேன்தானே. போங்க.”

செக்குரிட்டியே சொன்ன பிறகு போகலாம். இப்றாஹிம் உள்ளே இரண்டு எட்டு வைத்தார்.

“ஆ, அவருக்குக் கார்டு வேணாமோ?” சூப் போத்தல்காரி கேட்டாள். “எங்களுக்கு மட்டுந்தானா சட்டம்?”

“அதானே,” என்றது வரிசை.

அவள் கேட்டதில் பிழை இருப்பதாக இப்றாஹிமுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். லோகேஸ்வரன் வாயைத் திறந்தான். எட்டுப் பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் இருந்தான்.

ஒரு மணிக்கு, பார்வை நேரம் முடிந்தது என்று பெல் அடித்தது. உள்ளே இருந்தவர்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். வெளியே நின்றவர்கள் வழி விட்டார்கள். சூப் போத்தல்காரி மூடியை இறுக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

அம்னா கடைசியாக வந்தாள். கார்டு கையில் இருந்தது.

“கொண்டு பெய்த்தாங்க,” என்றாள். “கட்டில தள்ளக்குள்ளயும் உம்மா வாசலத்தான் பாத்துக்கொண்டு ஈந்தாங்க. நான் எத்தின தரம் கோல் எடுத்த?”

இப்றாஹிம் கையை நீட்டிக் கார்டை வாங்கினார்.

லோகேஸ்வரன் எழுந்து கம்பிக் கதவை இழுத்து மூடினான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு தகப்பனை.

“யாரு வாப்பா உங்கள உள்ளுக்கு உடாம வெச்சிக்கொண்டு ஈந்த?”