நான்காம் மாடியில் கறுப்பு டை

தொகாஷிக்கு ஐம்பத்தெட்டு வயது. வடக்கே அகிதாவில், பேருந்துப் பணிமனை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக மெக்கானிக். அந்த அக்டோபரில் பணிமனைக்காரர்கள் பதினாறு பேர் சேர்ந்து மூன்று நாள் சுற்றுலாவாக ஒசாகாவுக்கு வந்திருந்தார்கள். கோட்டையைப் பார்த்தாயிற்று. ஆற்றுப் பாலத்தில் வரிசையாக நின்று படம் பிடித்தாயிற்று. ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டையை வாய் வெந்துபோகத் தின்றாயிற்று. இரண்டாம் நாள் மதியம் வழிகாட்டிப் பெண் எல்லோரையும் ஏழு மாடித் தள்ளுபடிக் கடை ஒன்றின் வாசலில் இறக்கிவிட்டு, நாலரை மணிக்கு இதே இடத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே நிற்க இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை சாமான்கள் அடுக்கியிருந்தன. சாக்லேட்டுக்கு மேல் சாக்ஸ், சாக்ஸுக்கு மேல் தலையணை, அதற்கும் மேல் அழகுக் கிரீம் டப்பாக்கள். கடையின் விளம்பரப் பாட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு ஓரத்தில் எந்த நாட்டிலிருந்தோ வந்த குடும்பம் ஒன்று பெரிய பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, பச்சைத் தேயிலை பிஸ்கட்டுகளை அமுக்கி அமுக்கி அடைத்துக்கொண்டிருந்தது.

தொகாஷியோடு கொந்நோ வந்தான். அதே பணிமனையில் டயர் பிரிவில் இருப்பவன், நான்கு வயது இளையவன், ஓயாமல் பேசுகிறவன். மனைவி எழுதிக் கொடுத்த சீட்டு அவன் கையில் இருந்தது. வயிற்று மாத்திரை, கண் சொட்டு மருந்து, முகத்தில் ஒட்டும் ஈரத் தாள். எல்லாம் அகிதாவிலும் கிடைக்கிறவைதான், ஆனால் இங்கே மலிவு என்று அவள் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆண்டு முடிவு விருந்துக்காக நரைத்த சுருள்முடி டோப்பா ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தான்.

"எப்படிண்ணே இருக்கு? மேனேஜர் மாதிரி இல்ல?"

"மேனேஜருக்கு இவ்வளவு முடி ஏதுடா," என்றார் தொகாஷி.

அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது. கொந்நோவுக்குத் தெரியாத காரியம் ஒன்றை முந்தைய நாள் மாலை அவர் செய்திருந்தார். விடுதியின் தாழ்வாரத்தில், ஐஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிசுருவின் எண்ணுக்குப் போன் போட்டிருந்தார். சிசுரு ஒரு காலத்தில் அவர் மனைவி. ஒசாகாவில் பிறந்து வளர்ந்தவள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பதினோரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை அவளாகக் கூப்பிட்டாள். அப்போது பதிந்துகொண்ட எண். அதன்பின் அவர் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. நேற்று மணி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார், அப்பாடா என்றும் இருந்தது.

இருந்தாலும், அவள் திருப்பிக் கூப்பிட்டு, வந்து பார் என்று சொல்லிவிட்டால்? வெறுங்கையோடு போக முடியாது. ஐம்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வயதில் என்ன பிடித்தது என்பதும் நினைவில்லை. குளிர்காலத்தில் அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும், அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. இரண்டாம் மாடியில் கைக்குப் பூசும் கிரீம்களாகவே நிறைந்த ஒரு சுவரின் முன்னால் வெகு நேரம் நின்று, கடைசியில் யூசு எலுமிச்சை மணமுள்ளதாக ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார்.

போன் அடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. திரையில் சிசுருவின் பெயர் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தார்.

"நான்தான். தொகாஷி," என்றார்.

மறுபக்கம் இளம்பெண் குரல் ஒன்று நிதானமாகப் பேசியது. "நேத்து இந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தீங்க. அம்மா போன் இது. நான் மதோகா பேசுறேன்."

அந்தக் குரலை வைத்து அவரால் மகளை அடையாளம் காண முடியவில்லை. பதினோரு வயதுக் குரல்தான் அவர் காதில் இருந்தது. நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார்.

"அம்மா முந்தாநாள் காலையில தவறிட்டாங்க. கணையத்துல புத்துநோய். வசந்த காலத்துலதான் தெரிஞ்சுது."

கடைப் பாட்டு தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்காமல் போயிற்று. சடங்கு எப்போது என்று கேட்டார். நாளை காலை பதினோரு மணிக்கு என்று சொல்லி, மண்டபத்தின் பெயரையும் ரயில் நிலையத்தையும் சொன்னாள். பிறகு, "வந்தே ஆகணும்னு இல்ல. கூப்பிட்டிருந்தீங்களேன்னுதான் சொன்னேன்," என்றாள்.

"ஒசாகாவுலதான் இருக்கேன்மா. வரேன்."

அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொந்நோ தேடிக்கொண்டு வந்தபோது தொகாஷி கூடையைக் காலடியில் வைத்துவிட்டு அந்த கிரீம் சுவரைப் பார்த்தபடியே நின்றார். என்னண்ணே என்று கேட்டதற்கு மூன்று நான்கு வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொன்னார். வேறு யாருடைய சங்கதியையோ சொல்வதுபோல் இருந்தது அவர் குரல். கொந்நோ தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றினான். கூடையில் கிடந்ததைப் பார்த்தான். அதை எடுத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.

"என்ன போட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்டான்.

தொகாஷி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, பழுப்புக் காற்சட்டை, வெள்ளை ரப்பர் ஷூ. விடுதிப் பையில் இருந்ததும் இந்த மாதிரிதான்.

"வாங்க. இங்க எல்லாம் இருக்கும். இல்லாத பொருளே இல்லன்னு தானே பாடிக்கிட்டிருக்கான்," என்று கொந்நோ அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

துணிப் பிரிவு நான்காம் மாடியில். முதலில் அகப்பட்ட பையனிடம் கறுப்பு கோட்டு வேண்டும் என்றதும், அவன் மாறுவேட விருந்துக்கான உடைகள் பக்கம் கையைக் காட்டினான். அங்கே ரத்தக்காட்டேரி அங்கிகளும் பூசணிக்காய்த் தொப்பிகளும் தொங்கின. கொந்நோ பல்லைக் கடித்துக்கொண்டு நடுவயதுப் பணியாளர் ஒருத்தியைத் தேடிப் பிடித்தான். சட்டையில் நிஷிவாக்கி என்று பெயர் குத்தியிருந்தவள். அவள் தொகாஷியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து துக்கத்துக்கான கறுப்பு கோட்டு சூட்டை எடுத்தாள். தொகாஷி கையிலெடுத்த டையை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாள்.

"அது பளபளன்னு மின்னும்யா. கல்யாணத்துக்குத்தான் ஆகும். இது மின்னாது."

கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ, ஜெபமாலை, துக்க வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கும் உறை, அதில் பெயர் எழுதச் சாம்பல் மைத் தூரிகைப் பேனா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒவ்வொரு மாடியாக இறங்கி ஏறினார்கள். வழியெல்லாம் சிரிப்பும் கூச்சலும். ஒரு தாய்லாந்துக் கிழவர் பொம்மைப் பூனை ஒன்றை அணைத்துக்கொண்டு போனைத் தொகாஷியிடம் நீட்டி, தன்னை அதோடு படம் எடுக்கச் சொன்னார். தொகாஷி போனை வாங்கி, இரண்டு படம் எடுத்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

காற்சட்டை நான்கு விரல் நீளம் அதிகம். கடையில் மடித்துத் தைத்துக் கொடுப்பதில்லை என்று நிஷிவாக்கி வருத்தப்பட்டு, இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் நாடா ஒன்றைத் தந்தாள். அன்று மாலை விடுதி அறையில், மற்றவர்கள் விருந்துக்குப் போயிருந்தபோது, கொந்நோ மண்டியிட்டு அளவெடுத்து அந்த விளிம்புகளை மடித்து ஒட்டினான். வழக்கமாக வாய் ஓயாதவன் அன்று வேலை முடியும்வரை பேசவில்லை. தொகாஷி உறையில் தன் பெயரை எழுதினார். முதல் எழுத்து கோணிவிட்டது. இன்னொரு உறை வாங்கவில்லை, அதையே வைத்துக்கொண்டார்.

மறுநாள் மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். வரவேற்பு மேசையில் இருந்தவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது, தொகாஷி கொஞ்சம் யோசித்து, அகிதாவில் தெரிந்தவர் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பூக்களுக்கு நடுவே இருந்த படத்தில் சிசுரு குட்டை முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு குட்டையாக அவர் பார்த்ததில்லை. முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில், தோள் அகன்ற ஒருவர் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தொகாஷியின் பக்கத்தில் இருந்த கிழவி இன்னொருத்தியிடம் முணுமுணுத்ததிலிருந்து, அவர் பெயர் ஹமாசாகி என்பதும், சிசுரு வேலை பார்த்த பள்ளிச் சமையற்கூடத்தில் அவரும் இருந்தார் என்பதும், பதினோரு ஆண்டுகளாக இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதும் தெரிந்தது.

மந்திரம் முடிந்ததும் சவப்பெட்டியைத் திறந்து பூ வைக்கச் சொன்னார்கள். தொகாஷி கடைசியாகப் போனார். கன்னம் ஒட்டி, நிறம் மாறி, அது யாரோபோல இருந்தது. அப்புறம் இடது புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்தார். அகிதாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனியில் வழுக்கி வாசற்படியில் விழுந்தபோது பட்டது. அவர்தான் முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். கையிலிருந்த வெள்ளைச் செவ்வந்தியை அவள் தோளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஹமாசாகி அவரிடம் வந்து, தொலைவிலிருந்து வந்ததற்கு நன்றி என்று சொல்லி இடுப்பு வளைய வணங்கினார். இவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொகாஷியும் வணங்கினார். நிமிரத்தான் வெகு நேரம் ஆயிற்று.

வெளியே சவ வண்டி வரக் காத்திருந்தபோது மதோகா பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தொரு வயது. அம்மாவைப் போலவே சிறிய நெற்றி.

"அம்மா உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல," என்றாள். "நல்லதாவும் சொன்னதில்ல."

தொகாஷி தலையாட்டினார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஸ்டேஷன்ல ரயில் கிளம்புறப்ப, பனி கரைஞ்சதும் வந்துடுறேன்னு எங்கிட்ட சொன்னீங்க. நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். ஏன் வரல?"

அவர் புது ஷூவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முத வருஷம் வேலைய விட மனசு வரல. ரெண்டாம் வருஷம் வெக்கமா இருந்துச்சு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு. அப்புறம் நாள் ஓடிப்போச்சும்மா. வேற காரணம் ஏதும் இல்ல. இருந்திருந்தா சொல்லிடுவேன்."

அவள் பார்வை அவர் கோட்டின் முதுகில் நின்றது. பிறகு, "கொஞ்சம் திரும்புங்க," என்றாள். கோட்டின் முதுகுப் பிளவில், கடையில் போட்டிருந்த வெள்ளைத் தையல் நூல் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை நகத்தால் நெம்பி, அறுத்து, உருவி எடுத்தாள். விரலில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பெயர் எழுதிய நினைவுப் பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஹமாசாகி படத்தை ஏந்திக்கொண்டு பின்னால் ஏறினார்.

சுடுகாட்டுக்கு நெருங்கிய உறவினர்கள் மட்டும்தான் போவார்கள். வண்டி ஒரு நீண்ட ஹாரனை அடித்துவிட்டு நகர்ந்தது. எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். மற்றவர்கள் நிமிர்ந்து கலைந்து போன பிறகும் தொகாஷி குனிந்தபடியே நின்றார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் கொந்நோ இரண்டு பேருடைய பைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாங்கள் ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லி, கூட்டத்தோடு போகாமல் தங்கிவிட்டான். விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் தொகாஷி பாதி வழிவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"அவகூட நல்ல மனுஷன் ஒருத்தன் இருந்திருக்கான்," என்றார் திடீரென்று.

"அது நல்லதுதானேண்ணே."

"நல்லதுதான்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தத்தை அடக்கத் தெரியாமல் அழுதார். எதிரே இருந்த பள்ளிப் பெண்கள் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொந்நோ அவர் முழங்காலில் கையை வைத்தான், விமான நிலையம் வரும்வரை எடுக்கவில்லை.

பணிமனைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர்களில் விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்திருந்த பெயின்டர் ஒருவர் எழுந்து, தொகாஷியை அங்கே உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.