பெருமாள் கொட்டிய ஜவ்வு

ஈரானில் யாரோ யாரையோ துரத்திவிட்டார்களாம், ரேடியோவில் சொன்னார்கள். அதற்கு ஆம்பூரில் என் ஸ்டவ் ஏன் அணைய வேண்டும்? எண்பதாம் வருஷத்துக் கோடையில் ரேஷன் கடைக்காரனிடம் இதைத்தான் கேட்டேன். கிருஷ்ணாயில் வரவில்லை, அடுத்த வாரம் வா என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். என் வாய் சும்மா இருக்குமா? வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நானே அவனைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, வெறும் டின்னோடு வீட்டுக்கு வந்தேன்.

டேனரி கேட்டுக்கு எதிரே வேலையாட்களுக்குச் சோறு போடும் கடை என்னுடையது. பங்கஜம் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். வீடும் கடையும் ஒன்றுதான். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி. என் மகள் விஜயகுமாரிக்கு மூச்சிழுப்பு. கொஞ்சம் புகை பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். வேலூரில் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் புகையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் விறகை விட்டு ஸ்டவ்வுக்கு மாறியிருந்தேன்.

கிருஷ்ணாயில் நின்றதும் வேறு வழியில்லாமல், டேனரியில் தோலை ஊறவைத்துவிட்டுக் கழித்துப்போடும் மரப்பட்டைச் சக்கையை எரித்தேன். அந்தப் புகை கண்ணைப் பிடுங்கும். ஒரு வாரம் போகவில்லை, பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். அரக்கோணத்தில் என் தங்கை அம்சவேணி இருக்கிறாள்; புருஷனுக்கு ரயில்வே வேலை, குவார்ட்டர்ஸில் சிலிண்டர் அடுப்பு. அங்கே அனுப்பிவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு இருப்பதே ஒரு பிள்ளை. அவளைக் கொண்டுபோய் இன்னொருத்தி வீட்டில் விடுவதா? மாட்டேன் என்றேன்.

பக்கத்துக் கொட்டகை ரஷீத் அஹமது பாயுடையது. ரயிலடியிலிருந்து தோல் ஏற்றிவரும் மாட்டு வண்டிகள் அவருக்கு இருந்தன. சாணம் குவிந்து கிடக்கும். பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து பஞ்சாட்சரம் என்பவர் சாண எரிவாயு என்று பேச வந்தபோது, பாயிடம் சாணமும் இடமும் இருந்தன, என்னிடம் அடுப்பு இருந்தது. கிணறு மாதிரி ஒரு தொட்டி கட்டி, அதன்மேல் பெரிய இரும்பு மூடியைக் கவிழ்த்தார்கள். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி தானாக மேலே எழும்பும்; அங்கிருந்து குழாய் வழியாக வாயு என் அடுப்புக்கு வரும். அது முதல்முதலாக எழும்பியபோது பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். சாணி நெருப்பில் வெந்த சோறா என்று முகம் சுளித்தவர்கள்கூட, நான் முறைத்த முறைப்பில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்கள்.

பகல் சமையலுக்கு வாயு போதும். சாயங்காலச் சமையலுக்குப் போதாது. விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும் பட்டைச் சக்கை, மறுபடியும் புகை, மறுபடியும் அந்த விசில்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் பெருமாள் மூளையைச் செலவு செய்தார். டேனரியில் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை. ஊறிய தோலைக் கத்தியால் சீவும்போது கொழுப்பும் சதையுமாக ஜவ்வு விழும், குமட்டிக்கொண்டு வரும். எங்கள் ஊர் டேனரி ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் மூக்குதான் அளவு. தோல் ஊறிவிட்டதா, கெட்டுவிட்டதா என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். சாணத்துக்கே இவ்வளவு வாயு வந்தால், அதைவிட ஜாஸ்தி நாறுகிற ஜவ்வுக்கு எவ்வளவு வரும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடை கூடையாகக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டார்.

மூடி எழும்பவில்லை. இறங்கியது. இறங்கி இறங்கித் தரையோடு உட்கார்ந்துகொண்டது. குழாயைத் திறந்தால் புஸ் என்றுகூடச் சத்தமில்லை. வெளியே வழிந்த சாணத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தெருவே கூடும்படி கத்தினேன். அவர் வழிந்ததைக் கூடையில் வாரத் தொடங்கினார்.

"சாயங்காலமும் பாப்பா நல்லா மூச்சு உடணும்னுதான் போட்டேன்" என்றார்.

திட்டுவதை விட்டுவிட்டு நானும் கூட வாரினேன். ஆனால் அந்த வாரமே பிள்ளையை ரயிலேற்ற வேண்டியதாகிவிட்டது. அரக்கோணத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, "நீ வந்து கூட்டினு போவ இல்ல?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். ரயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாணியம்பாடிக்காரி ஒருத்தி பக்கத்தில் அழுதேன், வெட்கமில்லாமல்.

பெருமாள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் டேனரியிலிருந்து நேராகப் பாயின் கொட்டகைக்குப் போனவர், என்னையும் அங்கே கூப்பிட்டார். "சுண்ணாம்புல கெடக்கிற தோலு அழுகிப் போவாது பங்கஜம். அழுகக் கூடாதுன்னுதானே அதுல ஊறப்போடறோம். அந்த ஜவ்வுல பூரா சுண்ணாம்பு. சாணம் அழுகுற எடத்துல போய் அதைக் கொட்டியிருக்கேன்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். பஞ்சாட்சரமும் அதையே சொன்னார்: வாயுவை உண்டாக்குகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் செத்துவிட்டன, காலிசெய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூடியைத் தூக்கி, உள்ளிருக்கும் கெட்ட காற்று போகட்டும் என்று தொட்டியைத் திறந்தே போட்டோம். இறங்கினால் மயங்கி விழுந்துவிடுவாய் என்று பஞ்சாட்சரம் பயமுறுத்தியிருந்ததால், பெருமாள் மேலேயே நின்று வாளி வாளியாக இறைத்தார். பாயும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்தார். புதுச் சாணத்துக்கு உறை மாதிரி ஊற்ற, வாயு வந்துகொண்டிருக்கிற வேறொரு தொட்டியிலிருந்து கொஞ்சம் கரைசல் வேண்டுமாம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் இருக்கிறது என்றார்கள். பால் கேனில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னான். இறங்குவேனா? ஊர் வரைக்கும் அவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

பாய் மற்ற வண்டிக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். காலையில் அவரவர் கொட்டகைச் சாணத்தைக் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை, எங்கள் வீட்டிலும் இது மாதிரி வைக்க முடியுமா என்று பஞ்சாட்சரத்தைத் துளைத்தெடுத்தார்கள். மூடி மெல்ல அசைந்தது. பிறகு ஒரு சாண் எழும்பியது. மழைக்காலம் தொடங்குமுன் பகலுக்கும் போதும், சாயங்காலத்துக்கும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

நான் அரக்கோணம் போனேன். இங்கேயே படிக்கட்டுமே என்றாள் அம்சவேணி. பிள்ளை அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்று சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. தட்டிக்குப் பின்னால் போய் உட்கார் என்று எப்போதும் விரட்டும் நான், விஜயாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, அவள் முதுகில் காதை வைத்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. விசில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன். அப்போதும் இல்லை.

"இன்னாமா பண்ற? சோத்தப் பாரு" என்றாள்.

அதற்குள் சோறு அடிபிடித்துவிட்டது. சாப்பிட வந்தவர்கள் தீய்ந்துபோச்சு என்று ஒருவர் மாற்றி ஒருவர் குறை சொன்னார்கள். அன்றைக்கு நான் ஒருத்தரையும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை.